பதிவுத் திருமணம் செய்துகொண்டேன், இனி நன்மை (பூசையில் தரும் நற்கருணை) வாங்கவே முடியாதா?

கேள்வி: ஃபாதர், நான் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவள். 2013இல் வீட்டை எதிர்த்து ஓர் இந்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். பிறகு அவர் வீட்டார் ஆசைக்காகத் திருச்செந்தூரில் வைத்துத் தாலி கட்டினார். இப்போது திருப்பூரில் இருக்கிறோம். என்னை நல்லபடியாக வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கொண்டுவந்து பூசைக்கு விட்டுவிட்டு, முடிந்ததும் வந்து கூட்டிப்போவார். ஆனால் மதம் மாற மாட்டார். நான் நன்மை வாங்கக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். பங்கில் வாங்குவதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனால் மட்டும், அங்கே யாருக்கும் தெரியாது என்று வாங்கிவிடுவேன். அப்புறம் ஒரு வாரத்துக்கு மனசு அடித்துக்கொள்ளும். மகளுக்கு 9 வயது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பள்ளித் தோழிகளைப் பார்த்துப் புதுநன்மை (முதல் நற்கருணை) கேட்கிறாள். எங்கள் திருமணமே செல்லாது என்றால் அவளுக்குக் கொடுப்பார்களா? எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. நீ நன்மை வாங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கண் மூடுவேன் என்கிறார். ஆனால் சாமியாரைக் கூப்பிட்டு நோயாளிகளுக்கான எண்ணெய் பூசச் சொல்லலாமா என்றால், 'என்னை அனுப்பி வைக்கப் பார்க்கிறியா' என்று சத்தம் போடுகிறார். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புச் சகோதரி,

வாங்கலாம். அதற்கு முன்னால் திருமணத்தைத் திருச்சபை முறைப்படி சரிசெய்ய வேண்டும். உங்கள் கணவர் மதம் மாறாமலே அதைச் செய்ய முடியும். மகளுடைய விஷயம் தனி. அது உங்கள் திருமணத்துக்காகக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. திருமண வழக்குகளை மட்டுமே பார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், என் மேசைக்கு வருகிறவற்றில் எளிதாகத் தீரக்கூடிய வகை உங்களுடையது. பத்து வருஷத்துக்கு மேல் நீங்கள் யாரிடமும் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

ஊரில் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 'சபையை விட்டுத் தள்ளியாச்சு' என்ற மாதிரி ஏதாவது காதில் விழுந்திருக்கும். பெரியவர்கள் அதை அடியோடு கற்பனையாகச் சொல்வதில்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், கத்தோலிக்கர் அல்லாத சமயப் பணியாளர் முன்னால் போய்த் திருமணம் செய்யும் கத்தோலிக்கருக்குச் சபைநீக்கம் உண்டு. திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1966இல் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். இப்போது நடப்பில் இருக்கும் 1983 தொகுப்பிலும் அது இல்லை. நீங்கள் சபைநீக்கம் செய்யப்பட்டவர் அல்ல. பூசைக்கு வரலாம், பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்குப் போகலாம், இறந்தவர்களுக்காகப் பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கலாம். நன்மையும் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது)தான் இப்போது தடைப்பட்டு நிற்கின்றன.

ஏன் தடை? இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். திருமணம் என்ற அருள்சாதனத்தை (திருச்சபையின் ஏழு புனிதச் சடங்குகளில் ஒன்றை) நிறைவேற்றுகிறவர் சாமியார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். லத்தீன் வழிபாட்டு முறையில் மணமக்கள் இருவருமே அதை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறார்கள். அவர்களுடைய சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது. குரு திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. அப்படியென்றால் பதிவு அலுவலகத்தில் சொன்ன சம்மதம் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் போதுமானதாகத்தான் இருந்தது. ஆளில்லாத இடத்தில் இருவர் சொல்லிக்கொண்டாலே திருமணம். பிறகு ஆண் 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று கைகழுவிவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொள்வான். முதல் பெண் நிரூபிக்க வழியில்லாமல் நிற்பாள். ஐரோப்பாவில் இது பெரிய சீரழிவாகப் போனதால்தான் திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல், பங்குத் தந்தை முன்பாகவும் சாட்சிகள் முன்பாகவும் நடக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கைவிடப்பட்ட பெண்களைக் காக்க வந்த சட்டம் என்பதை நினைவில் வையுங்கள். இன்றைய சட்டத்திலும் ஆயர் அல்லது பங்குத் தந்தை, அல்லது அவர்கள் அதிகாரம் கொடுத்த குருவோ தியாக்கோனோ (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) ஒருவர், கூடவே இரண்டு சாட்சிகள் என்பதுதான் அடிப்படை.

உங்கள் திருமணத்தில் இது விட்டுப்போனது. கூடவே இன்னொன்றும். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற கத்தோலிக்கர் திருமுழுக்குப் பெறாத ஒருவரை மணக்கும்போது ஆயரிடம் முன்கூட்டியே விதிவிலக்கு வாங்க வேண்டும். பங்கு அலுவலகங்களில் 'டிஸ்பென்சேஷன்' என்றே சொல்வார்கள். அது இல்லாமல் நடந்தால் கோவிலிலேயே சாமியார் மந்திரித்து நடத்திவைத்த திருமணமானாலும் செல்லாது.

'செல்லாது' என்ற சொல் உங்களைச் சுட்டிருக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நீங்கள் இருவரும் இத்தனை வருஷம் வாழ்ந்த வாழ்க்கை பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. பணம் கொடுத்து வாங்கிக் குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா மாற்றாமல் விட்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! வாங்கியது நிஜம், குடியிருப்பதும் நிஜம், தாளில்தான் வேலை பாக்கி. உங்கள் சம்மதமும் அப்படி நிஜமாக இருக்கிறது. அடுத்து நான் சொல்லப்போகும் இரண்டு வழிகளில் ஒன்று அந்தச் சம்மதத்தின் மேலேயே எழும்புகிறது.

முதல் வழி, சம்மதத்தைப் புதுப்பிப்பது. விதிவிலக்கு வந்ததும் நீங்கள் இருவரும் பங்குத் தந்தை முன்னால் இரண்டு சாட்சிகளோடு நின்று திருமணச் சம்மதம் சொல்வீர்கள். மண்டபம், பத்திரிகை, கோட்டு சூட்டு எதுவும் வேண்டாம். வாரநாள் மாலையில் சிற்றாலயத்திலோ, பொருத்தமான வேறு இடத்திலோ கூட வைத்துக்கொள்ளலாம். திருமுழுக்குப் பெறாதவரோடு நடப்பதால் இதைப் பூசைக்குள் வைப்பதில்லை. இறைவார்த்தை வாசகமும் மன்றாட்டும் சேர்ந்த சிறிய சடங்கு. உங்கள் கணவர் நற்கருணை நேரத்தில் ஒதுங்கி நிற்கும் சங்கடமும் இதனால் இல்லை.

இரண்டாவது வழி எனக்கு உங்கள் கடிதத்தைப் படித்தபோதே தோன்றியது. சில கணவர்கள், 'ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, குழந்தையும் இருக்கிறது, மறுபடியும் எதற்கு மாப்பிள்ளையாக நிற்க வேண்டும்' என்பார்கள். அதில் நியாயம் உண்டு. அன்று சொன்ன சம்மதத்தில் குறையில்லாமல், இன்றும் அது இருவரிடமும் நிலைத்திருந்தால், புதிதாகச் சம்மதம் சொல்லச் சொல்லாமலே அந்தத் திருமணத்தை அதன் வேரிலேயே சீராக்க மறைமாவட்ட ஆயருக்கு அதிகாரம் இருக்கிறது. ஓர் ஆணையில் ஆயர் கையெழுத்திடுவார். கையெழுத்தான நிமிடத்திலிருந்து திருமணம் செல்லும். அதன் சட்ட விளைவுகளோ நீங்கள் திருமணம் செய்துகொண்ட நாள்வரை பின்னோக்கிப் போகும். எந்தச் சடங்கும் கிடையாது. சட்டத் தொகுப்பில் 1161 முதல் 1165 வரையுள்ள விதிகள் இதைச் சொல்கின்றன. பங்குத் தந்தைகளில் சிலருக்கு இந்த வழி சட்டென்று நினைவுக்கு வராது, ஏனென்றால் முதல் வழியே வழக்கம். நீங்களே பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், தப்பில்லை.

எந்த வழியாக இருந்தாலும் உங்களிடமிருந்து ஓர் உறுதிமொழி கேட்பார்கள். இதை அவசரமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் விசுவாசத்தை விட்டு விலகும் ஆபத்துகளைத் தவிர்ப்பேன் என்பது ஒன்று. பிள்ளைகள் எல்லாரும் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று வளர 'என்னால் இயன்றதை எல்லாம் செய்வேன்' என்பது மற்றொன்று. இயன்றதை என்றுதான் இருக்கிறது. முடிவுக்கு நீங்கள் ஜாமீன் நிற்கவில்லை. உங்கள் கணவர் எந்த வாக்கும் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் இப்படி வாக்குக் கொடுக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சில இடங்களில் 'எனக்குத் தெரியப்படுத்தினார்கள்' என்று ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அதை மதமாற்றப் படிவம் என்று அவர் பயந்துவிடாமல் முதலிலேயே விளக்கிவிடுங்கள். ஒருவரையும் வற்புறுத்திக் கத்தோலிக்கராக்கக் கூடாது என்பது சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது.

ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் இதைச் செய்துமுடிக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மிகக் கனத்த காரணம் இருந்தால் ஒருவருக்குத் தெரியாமலும் சீராக்க இடமுண்டு என்று சட்டம் சொல்கிறது. வாராவாரம் பைக்கில் கொண்டுவந்து விடுகிற மனிதரிடம் மறைப்பதற்கு உங்களுக்கு அப்படி என்ன காரணம் இருக்கிறது?

சரி, சீரான பிறகு இது அருள்சாதனமாகிவிடுமா? ஆகாது. திருமுழுக்குப் பெற்ற இருவருக்கு இடையில்தான் திருமணம் அருள்சாதனம். திருமுழுக்குதான் மற்ற ஆறுக்கும் வாசல்; அந்த வாசல் வழியாக வராதவர் அருள்சாதனத்தைக் கொடுக்கவோ பெறவோ முடியாது. அதனால் உங்களுடையது திருச்சபை முழுமையாக மதிக்கிற, செல்லுபடியான திருமணமாக இருக்கும், அருள்சாதனமாக இருக்காது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். நம்பிக்கை கொள்ளாத கணவர் மனைவியால் தூயவராகிறார் என்று பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில் சொல்வது உங்களைப் போன்ற வீடுகளைப் பற்றித்தான். என்றாவது அவரே விரும்பித் திருமுழுக்குப் பெற்றால், மறு திருமணம் எதுவும் இல்லாமல் அன்றே இது அருள்சாதனமாகிவிடும். இதை அவரிடம் தூண்டிலாகப் போடாதீர்கள்.

வேளாங்கண்ணி விஷயம். யாருக்கும் தெரியாத ஊர் என்பதால் எதுவும் மாறுவதில்லை, அது உங்களுக்கே தெரிந்துதான் மனசு அடித்துக்கொள்கிறது. அதற்காக உங்களை நான் திட்டப் போவதில்லை. இனி அப்படி வாங்க வேண்டாம், அவ்வளவுதான். திருமணம் சீரான பிறகு நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. எத்தனை முறை என்று விரல்விட்டு எண்ணி மனசைக் குழப்பிக்கொள்ளாமல், தோராயமாகச் சொன்னால் போதும். அதுவரைக்கும், 2020 ஊரடங்கில் கோவில்கள் பூட்டிக் கிடந்தபோது டிவியில் பூசை பார்த்துக்கொண்டு எல்லாரும் சொன்னோமே, நேரில் நன்மை வாங்க முடியாதபோது மனத்தால் ஆண்டவரை அழைக்கும் அந்த ஆன்மிக நற்கருணை மன்றாட்டைச் சொல்லுங்கள். அன்று அது ஆயருக்கும் ஆட்டோக்காரருக்கும் ஒன்றாகவே இருந்தது.

இனி நடைமுறை. இப்போது குடியிருக்கும் பங்கின் தந்தையைத்தான் பார்க்க வேண்டும், சொந்த ஊர்ச் சாமியாரை அல்ல. ஞாயிறு பூசை முடிந்து நாலு பேர் சூழ நிற்கும்போது ஆரம்பிக்காதீர்கள். வாரநாளில் நேரம் கேட்டுப் போங்கள். பிறந்த பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழ் புதிதாக எடுக்க வேண்டும். பீரோவில் பத்திரமாக இருக்கும் பழையது உதவாது. காரணம் இருக்கிறது: பங்கிலுள்ள திருமுழுக்குப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே உறுதிபூசுதல் (திருமுழுக்குக்குப் பின் பெறும் அருள்சாதனம்), திருமணம் எல்லாவற்றையும் பின்னாளில் குறித்துக்கொண்டே வருவார்கள். ஒருவர் ஏற்கெனவே எங்காவது திருமணம் ஆனவரா என்று அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அதனால் வழக்கமாக ஆறு மாதத்துக்குள் எடுத்த சான்றிதழ்தான் கேட்பார்கள். உங்கள் திருமணம் சீரானதும் அந்தப் பழைய பதிவேட்டில் அதையும் எழுதச் சொல்லி இங்கிருந்து கடிதம் போகும்.

பதிவுத் திருமணச் சான்றிதழையும் எடுத்து ஒருமுறை பாருங்கள், எந்தச் சட்டத்தின் கீழ் என்று. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் என்று இருந்தால் அரசுக் கணக்கில் எந்தச் சிக்கலும் இல்லை. நாங்கள் செய்வது அதைத் தொடாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் என்று இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும் என்பதால், அவசரத்தில் பெண்ணை மதம் மாறியதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட வைப்பது நடக்கிற விஷயம்தான். அப்படி ஏதாவது போட்டிருந்தால் பங்குத் தந்தையிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதனால் கதவு மூடிவிடாது. பாதியில் தெரியவந்தால்தான் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். இன்னொன்று: உங்களுக்கோ அவருக்கோ இதற்கு முன் வேறு திருமணம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன். இருந்திருந்தால், அது இந்து முறைத் திருமணமாகவே இருந்தாலும், வழக்கு வேறு பாதையில் போகும்.

மகளுக்கு வருவோம். பெற்றோரின் திருமணத்தில் குறை இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைக்குத் திருமுழுக்கு மறுக்க எந்தச் சட்டமும் இல்லை. கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்வாள் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி, அந்த ஆதாரம் நீங்கள். யாராவது அவளுடைய பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

7 வயது கடந்த பிள்ளையைக் கைக்குழந்தையாகச் சட்டம் பார்ப்பதில்லை. விவரம் தெரிந்தவள் என்பதால் அவளே விரும்பிக் கேட்க வேண்டும். அதற்கு முன் மறைக்கல்வி வேண்டும். அவளுக்கு முதலில் திருமுழுக்கு, அதோடு சேர்த்து நற்கருணை. உறுதிபூசுதலையும் அப்போதே கொடுக்கச் சட்டம் சொல்கிறது, திருமுழுக்குக் கொடுக்கும் குருவுக்கே அந்த அதிகாரமும் உண்டு. சில பங்குகளில் அதை மட்டும் ஆயர் வரும் நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். அதற்காகச் சண்டைக்கு நிற்க வேண்டாம். தோழிகளெல்லாம் புதுநன்மைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள். உங்கள் மகளுக்கு அது முதல் முறை தேவைப்படாது, திருமுழுக்கே எல்லாப் பாவத்தையும் கழுவிவிடுகிறது. வெள்ளை கவுனுக்கும் கேக்குக்கும்தான் ஆசைப்படுகிறாளோ என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். இருக்கட்டுமே. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். கவுன் ஆசை மட்டும்தான் என்றால் நாலைந்து மாதத்தில் தெரிந்துவிடும்.

கணவருக்கு இங்கே இரண்டு கவலை வரும். பெயர் மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயராக இருக்கக் கூடாது என்று மட்டுமே சட்டம் கேட்கிறது. கயல்விழியோ நிலாவோ அப்படியே இருக்கலாம். இரண்டாவது, சாதிச் சான்றிதழ். இதைப் பேசச் சாமியார்கள் கூச்சப்படுவார்கள், ஆனால் பேசத்தான் வேண்டும். உங்கள் கணவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. இது அநியாயம் என்று திருச்சபை பல காலமாகப் போராடி வருகிறது. அது வேறு கதை. மகளின் படிப்பு, வேலை இரண்டையும் தொடுகிற விஷயம் என்பதால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு, கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

அம்மாவின் பயத்தை நான் மாற்ற முயல மாட்டேன். அவர் வளர்ந்த காலத்தில் சாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு தெருவில் நுழைந்தால், அந்த வீட்டில் மறுநாள் சாவு என்றுதான் அர்த்தம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் ஆறாம் பவுல் இந்தச் சடங்கையே திருத்தி எழுதினார். இன்று கடுமையான நோயோ முதுமையோ உயிருக்கு ஆபத்தாகத் தொடங்கும்போதே பூசலாம். குணமாகி மறுபடி விழுந்தாலும், அதே நோய் முற்றினாலும் மறுபடியும் பூசலாம். டயாலிசிஸில் இருப்பவருக்குத் தாராளமாகப் பொருந்தும். ஆனால் இதையெல்லாம் விளக்கிச் சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வாரா? பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள், உலக நோயாளர் நாளாகவும் இருக்கிறது. பல பங்குகளில் அன்று பூசையிலேயே நோயாளிகளையும் வயதானவர்களையும் வரிசையாக உட்காரவைத்து நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசுவார்கள். பக்கத்தில் இருப்பவர் பூசிக்கொண்டு எழுந்து போய் டீ குடிப்பதைப் பார்த்தால் அம்மாவின் பயம் தானாகக் குறையும்.

அதுவரை பொறுக்க வேண்டாம். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே நன்மை கொண்டுவரும் வழக்கம் பங்குகளில் உண்டு, பல இடங்களில் முதல் வெள்ளியில். நன்மை கொடுக்க வரும் சாமியாரை அம்மா விரட்ட மாட்டார். இரண்டு மூன்று தடவை வந்து பேசிப் பழகினால், பூசச் சொல்லி அவரே கேட்டாலும் கேட்பார். நாளைக்கே பங்கு அலுவலகத்தில் அம்மா பெயரையும், டயாலிசிஸ் எந்தெந்த நாள் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். போன காலோடு உங்கள் விஷயத்தைப் பேசவும் ஒரு நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள். கணவரும் வருவார் என்றால் அவர் வேலை முடிந்து வரும் நேரமாகப் பார்த்து.